மூன்று பேரிடம் கேட்ட அணிந்துரை

மேடையில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேர் கையிலும் என் நாவல் இருந்தது. மூன்றுக்கும் ஒரே அட்டை, ஒரே தலைப்பு. மேடை ஓரத்தில் நின்ற நான் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, உள்ளங்கை வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இடம், தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். எழுத்தாளர் மாநாட்டின் இரண்டாம் நாள் காலை. முந்தின வாரம் நடந்த ஏதோ வரவேற்பின் தெர்மோகோல் இதயம் ஒன்று மேடையில் அப்படியே இருந்தது. அதன்மேல்தான் மாநாட்டு பேனரைக் கட்டியிருந்தார்கள். இதயத்தின் ஒரு ஓரம் மட்டும் பேனருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் தாளிக்கும் வாசனை மேலே ஏறி வந்து, கூட்டத்தில் பாதிப் பேரைக் கடிகாரம் பார்க்கவைத்துக்கொண்டிருந்தது.

“பேராசிரியர் ஐயா அவர்கள் நூலை வெளியிட, கவிஞர் அவர்கள் பெற்றுக்கொள்கிறார்!” என்று தொகுப்பாளர் மைக்கில் முழங்கினார்.

பேராசிரியர் தன் கையிலிருந்த புத்தகத்தைக் கவிஞரிடம் நீட்டினார். “அதைக் குடுக்காதீங்க சார்!” என்று கத்தப் போய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

புத்தகத்தை நீட்டினால் உனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் பெயர்களைக் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த மாநாட்டில் எனக்குச் சாப்பாட்டு டோக்கன் கிடைக்காது. பேராசிரியர், கவிஞர், விமர்சகர். அவ்வளவுதான்.

ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பேராவூரணி கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் மட்டும் இல்லை. மனு எழுதுவது, டைப் அடிப்பது, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இங்கேதான். சிட்டா, அடங்கல் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

தாலுகா ஆபீஸில் ஊர் ஊராக நிலக் கணக்கு பார்க்கும் ஜமாபந்தி வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. பட்டா மாறுதலுக்கு மனு எழுதிப் படித்துக் காட்டினால், “இதுல அழுத்தம் பத்தலையேம்மா, இன்னும் ரெண்டு வரி மனசு இளகுற மாதிரி போடுங்க” என்பார்கள். போடுவேன். கதை எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான். வேறு எந்தப் பட்டறைக்கும் நான் போனதில்லை.

மனுக்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாவல் எழுதினேன். ‘கொப்பரைக் கிடங்கு’ என்று பெயர். புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்துபோன ஒரு வீட்டின் மருமகள் தெய்வானை. புருஷன் வேலை தேடி வெளிநாடு போய்விட்டான். மிச்சமிருக்கும் கிடங்கின் சாவியை மச்சினன் கேட்கிறான். அவள் கொடுக்கமாட்டேன் என்கிறாள். கதை அவ்வளவுதான். இதை எழுத எனக்குப் பல வருஷம் ஆனது.

எழுதி முடித்ததும் ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. எனக்குச் சொந்தமும் இல்லாத, என் கடைக்கு வாடிக்கையும் இல்லாத ஒருவர் இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். படித்துவிட்டு தெய்வானையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாராட்டுகூட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்.

வீட்டில் படிக்க ஆளில்லையா என்றால், இருக்கிறார். என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். மூட்டையில் அச்சடித்திருப்பதைத் தவிர வேறு எதையும் படிக்கமாட்டார். அதையும் தேதி பார்க்கத்தான் படிப்பார்.

தோழி மும்தாஜ் இருக்கிறாள். அதிராம்பட்டினத்தில் நைட்டி, சுடிதார் கடை வைத்திருப்பவள், கவிதை எழுதுவாள். எப்போது கேட்டாலும், “அம்பது பக்கம் வந்துட்டேன்க்கா, அருமையா போகுது” என்பாள். இரண்டு வருஷமாக அதே அம்பது.

மும்தாஜ் சொன்ன வழி

அவள்தான் என்னை முதல் மாநாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்தப் புத்தக வெளியீட்டுக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், இதே மண்டபத்தில்.

“எழுதிக் கடைக்குள்ளயே வச்சிருந்தா யாருக்குத் தெரியும்? நாலு பேரைப் பாக்கணும்க்கா. பழகணும்” என்றாள்.

பழகுவதை நான் அதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ் வாசலில்தான் பார்த்திருந்தேன். “உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களாம்மா?” என்று என்னிடம் கேட்காத மனுக்காரர் கிடையாது. மாநாட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது, இங்கேயும் அதே கேள்விதான். சட்டை மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

காலை ஏழரை மணிக்கே முதல் வரிசை நாற்காலிகளில் துண்டு விழுந்துவிட்டது. டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற நம் ஊர்ப் பழக்கத்தை இலக்கியவாதிகளும் விட்டுவிடவில்லை. ஒருவர் துண்டு இல்லாமல் தன் கவிதைத் தொகுப்பைப் போட்டு இடம் பிடித்திருந்தார். வந்த ஒருவர் அதைப் பணிவாக எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் விசிட்டிங் கார்டு. அந்த ஒரு நாளில் எனக்கு இருபத்துச் சொச்சம் கார்டு சேர்ந்தது. சிறுகதையாளர், பட்டிமன்றப் பேச்சாளர், எல்.ஐ.சி முகவர் என்று மூன்றும் ஒருவருடைய கார்டில் இருந்தன. மூன்றாவதைப் பற்றித்தான் அவர் என்னிடம் அரைமணி நேரம் பேசினார்.

மேடையில் யாரோ பின்நவீனத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உண்மையான மாநாடு கீழே, பொங்கல் வரிசையில் நடந்தது. தட்டோடு நின்றால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்; ஓட முடியாது. பெரிய ஆட்களைப் பிடிக்க அதுதான் சரியான இடம் என்று மும்தாஜ் சொன்னாள்.

“பிடிச்சு என்ன பேசுறது? ‘உங்க கதை பிரமாதம்’னா?”

“ஐயோ, அதை இந்த மண்டபத்துல எல்லாரும் சொல்லுவாங்க. ‘எந்தக் கதைம்மா?’ன்னு திருப்பிக் கேட்டுட்டா மாட்டிக்குவீங்க. நீங்க அணிந்துரை கேளுங்க.”

“நெசமா எழுதிக் குடுத்துட்டா?”

“குடுக்க மாட்டாங்க. ‘நேரமே இல்லையேம்மா’ம்பாங்க. நமக்கு அதான் வேணும். இல்லைன்னு சொன்ன மனுஷனுக்கு உள்ளுக்குள்ள ஒரு சங்கடம் இருக்கும். அடுத்த தடவ பாத்தா அவரே வந்து, ‘நாவல் என்னாச்சும்மா?’ம்பார். அப்பப் புத்தகத்தைக் கையில குடுங்க. அந்தச் சங்கடத்துக்காகவே படிச்சிருவார்.”

நான் அசந்துபோனேன். நைட்டிக் கடையில் பேரம் பேசிப் பேசி வந்த ஞானம். முதலில் கிடைக்காததைக் கேள், அப்புறம் வேண்டியதைக் கேள். வாடிக்கைக்காரர்கள் அவளிடம் தினமும் செய்வதை அவள் இலக்கியத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை

முதலில் பேராசிரியர். திருவாரூர்க்காரர், பணி ஓய்வு பெற்றவர், பட்டு ஜிப்பா. கை கழுவும் இடத்தில் பிடித்தேன். ஈரக் கையை உதறிக்கொண்டே, “எழுதிடுவோம். எத்தனை பக்கம்?” என்றார்.

“நூத்தியெழுபது பக்கம் சார்.”

“நாவலைக் கேக்கலைம்மா. அணிந்துரை எத்தனை பக்கம் வேணும்?”

இவர் இல்லை என்றல்லவா சொல்ல வேண்டும்? சரி, ஒருவர் போனால் என்ன என்று மதியம் அப்பளம் வைக்கிற இடத்தில் கவிஞரிடம் கேட்டேன். தஞ்சாவூரில் அவர் இல்லாத மேடை கிடையாது. “கவிதையாவே எழுதிரட்டுமா?” என்று கண்ணை மூடி அங்கேயே முதல் வரியை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

மூன்றாவதாக விமர்சகர். சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா. கண்ணாடிக்கு மேலே நம்மைப் பார்த்தால் செய்யாத தப்பும் ஞாபகத்துக்கு வரும். இவர் கண்டிப்பாக மறுத்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் கேட்டேன்.

“எழுதுவேன். ஆனா குறையையும் சொல்லுவேன். பரவாயில்லையா?”

“சொல்லுங்க மேடம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

இங்கே ஒரு பழைய கதை. பேராசிரியரின் ஆய்வு நூல் ஒன்றுக்கு இந்த அம்மா முன்னொரு காலத்தில் மதிப்புரை எழுதினார். அதன் கடைசி வரி, ‘தாள் தரமானது.’ அன்றிலிருந்து பேராசிரியர் அவர் உட்காரும் வரிசையில் உட்காருவதில்லை. இருவரும் ஒரே மேடையில் இருந்தால் நடுவில் கவிஞரை நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஊர் திரும்பும்போது பட்டுக்கோட்டை பஸ்ஸில் மும்தாஜ் சொல்லித்தான் தெரிந்தது.

“மூணு பேருமா சரின்னாங்க?” என்று அவள் தலையில் கை வைத்தாள். பிறகு தேறிக்கொண்டு, “விடுங்கக்கா. ஒரத்தநாடு தாண்டுறதுக்குள்ள மறந்துருவாங்க” என்றாள்.

மறக்கவில்லை. நாவலை மூவருக்கும் அனுப்பினேன். மூன்று மாதத்துக்குள் மூன்று அணிந்துரையும் வந்து சேர்ந்துவிட்டன.

பேராசிரியருடையது பதினோரு பக்கம், கையெழுத்தில், பதிவுத் தபாலில். முதல் எட்டுப் பக்கம் மருத நிலத்தின் பெருமை. ஒன்பதாம் பக்கத்தில் என் நாவல் வந்தது. ‘கதைத்தலைவி சேற்றில் இறங்கி நாற்று நடும் காட்சி கண்களைப் பனிக்கச் செய்கிறது’ என்று எழுதியிருந்தார். என் நாவலில் வயலே கிடையாது. தென்னந்தோப்புதான்.

கவிஞருடையது தாய்மையைப் பற்றி ஒரு கவிதை. தெய்வானைக்குப் பிள்ளை இல்லை.

விமர்சகர் இரண்டே பக்கம், கறாராக எழுதியிருந்தார். ‘பதினான்காம் அத்தியாயம் தொய்வு’ என்று ஒரு வரி. நாவலில் இருப்பதே பன்னிரண்டு அத்தியாயம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் எழுதிய நாவலை நானே ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுதான்.

மூன்றையும் டைப் அடித்தது நான்தான். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மனுக்காரர் சொன்னதைச் சொன்னபடி அடித்துப் பழகிய கை. மூன்று பெரிய மனிதர்களிடம் போய் வந்திருக்கிறாள் தெய்வானை. ஒருவர்கூட அவளை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

தெற்குத் தெரு நோட்டீஸ், வடக்குத் தெரு நோட்டீஸ்

அதற்குமேல் வருத்தப்பட நேரமில்லை. போன்கள் வர ஆரம்பித்தன.

“அந்தம்மா பேர் இருக்கிற புத்தகத்துல என் பேர் வராது. தெரியுமில்ல?” என்றார் பேராசிரியர்.

“வேற யார்கிட்டயும் வாங்கலையே? கூட்டமா இருந்தா நான் வாபஸ் வாங்கிக்குவேன்” என்றார் விமர்சகர்.

“முதல் பக்கத்துலயே நம்மளுதுதானே?” என்றார் கவிஞர்.

யாரை விட்டாலும் பகை. மூன்றையும் போட்டால் மூன்று பகை. ஒன்றையும் போடாவிட்டால் இந்த ஜென்மத்தில் என்னை எந்த மாநாட்டுக்கும் கூப்பிடமாட்டார்கள். என் நாவலை யார்தான் படிப்பார்கள்?

அப்போதுதான் கடையில் பழைய கோயில் நோட்டீஸ் கட்டு ஒன்று கண்ணில் பட்டது.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் என்றாலே சண்டை. தெற்குத் தெருப் பெரியவர் பெயர் முதலில் வருவதா, வடக்குத் தெருப் பெரியவர் பெயர் முதலில் வருவதா? ஒரு வருஷம் தேரே நின்றுபோகும் நிலை. அந்த வருஷம் நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு நோட்டீஸ் அடித்தேன். ஒன்றில் தெற்கு முதலில், இன்னொன்றில் வடக்கு முதலில். தெற்குத் தெருவில் ஒரு கட்டு, வடக்குத் தெருவில் ஒரு கட்டு. அந்தத் தெருக்காரர் இந்தத் தெருவுக்கு வருவதில்லை. வந்தாலும் நோட்டீஸ் படிக்க வருவதில்லை. இன்றுவரை திருவிழா அமைதியாக நடக்கிறது. இது எனக்கும் மாரியம்மனுக்கும் மட்டுமே தெரியும். இப்போது உங்களுக்கும்.

அதே வித்தைதான். சொந்தமாகவே புத்தகம் போடுவது என்று முடிவு செய்தேன். இப்போதெல்லாம் டிஜிட்டல் அச்சில் முப்பது பிரதி வேண்டுமென்றாலும் போட்டுத் தருகிறார்கள். ஒரே நாவல், ஒரே அட்டை. மூன்றில் ஒரு பங்கில் பேராசிரியர் அணிந்துரை. திருவாரூர்ப் பக்கம் போக. ஒரு பங்கில் கவிஞர், தஞ்சாவூருக்கு. ஒரு பங்கில் விமர்சகர், சென்னைக்கு.

குழம்பிவிடக் கூடாது என்று பக்க அடையாளத்துக்கு வைக்கிற நாடாவை மூன்று நிறத்தில் வைத்தேன். சிவப்பு என்றால் பேராசிரியர். பச்சை கவிஞர். மஞ்சள் விமர்சகர்.

மும்தாஜிடம் சொன்னேன். “அக்கா, நீங்க ஜெராக்ஸ் கடையில இருக்க வேண்டிய ஆளே இல்ல” என்றாள். அது பாராட்டா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாடா மாறியது

இனி மேடைக்கு வருவோம்.

அடுத்த மாநாட்டில் நூல் வெளியீட்டு அமர்வு ஒன்று வைத்தார்கள். என் புத்தகமும் பட்டியலில் இருந்தது. மூன்று பேரும் மேடையில், நடுவில் வழக்கம்போல் கவிஞர். நானே தட்டைத் தூக்கிக்கொண்டு போய், சிவப்பு நாடாவைப் பேராசிரியர் கையிலும், பச்சையைக் கவிஞர் கையிலும், மஞ்சளை விமர்சகர் கையிலும் கொடுத்தேன். யார் கேட்டும் விடவில்லை. சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தேன். எல்லாம் கச்சிதம்.

ஒன்றைத் தவிர. வெளியீட்டு விழா என்றால் ஒருவர் வெளியிடுவார், இன்னொருவர் பெற்றுக்கொள்வார். இது ஊருக்கே தெரிந்த வழக்கம். ‘வெளியிடுபவர்’, ‘பெற்றுக்கொள்பவர்’ என்று எத்தனை அழைப்பிதழ் நானே அடித்திருக்கிறேன்! என் புத்தகத்துக்கு மட்டும் அது மறந்துபோனது.

பேராசிரியர் சிவப்பு நாடாவைக் கவிஞரிடம் கொடுத்தார். கைதட்டல். கவிஞரிடம் இப்போது இரண்டு புத்தகம். பெருந்தன்மையோடு தன் பச்சை நாடாவை விமர்சகரிடம் கொடுத்தார். மறுபடியும் கைதட்டல்.

“ஐயா கையில புக் இல்லையே! யாராச்சும் ஒண்ணு குடுங்க, போட்டோல வெறுங்கையா விழுவாரு” என்று போட்டோக்காரர் கத்தினார்.

விமர்சகர் பேராசிரியரின் பக்கம் திரும்பாமலேயே, முதலிலிருந்தே தன்னிடமிருந்த மஞ்சள் நாடாவைக் கவிஞரிடம் நீட்டினார். கவிஞர் அதைப் பேராசிரியருக்குத் தள்ளினார். மூவரும் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தார்கள். ஃபிளாஷ் அடித்தது.

ஆக, பேராசிரியர் கையில் விமர்சகரின் அணிந்துரை. விமர்சகர் கையில் கவிஞருடையது. கவிஞர் கையில் பேராசிரியருடையது. நான் போட்ட முடிச்சு மொத்தமும் ஒரே நிமிஷத்தில் அவிழ்ந்து என் கழுத்தில் விழுந்தது.

கீழே இறங்கியதும் பேராசிரியரிடம் ஓடினேன். “சார், உங்க காப்பியில ஒரு பக்கம் மங்கலா விழுந்திருக்கு. வேற தர்றேன்.”

“இருக்கட்டும்மா, பரவால்ல” என்று பொன்னாடையோடு சேர்த்துப் பைக்குள் திணித்துவிட்டார்.

கவிஞரைத் தேடினேன். அடுத்த மேடைக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். விமர்சகர் முன்வரிசையில் இருந்தார். ஏ.சி. வேலை செய்யவில்லை என்று என் நாவலால் விசிறிக்கொண்டிருந்தார். பச்சை நாடா காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது. எந்த நேரத்திலும் விசிறுவதை நிறுத்திப் பிரித்துப் பார்ப்பார் என்று மதியச் சாப்பாடுவரை தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாக விசிறினார்.

ஒருவரும் கூப்பிடவில்லை

வீட்டுக்கு வந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன பதில் சொல்வது என்று மூன்று பேருக்கும் மூன்று பொய் தயார் செய்தேன். அச்சகத்துத் தவறு என்பது ஒன்று. உதவிக்கு வந்தவர் தவறு என்பது ஒன்று. மூன்றாவதில் அழுதுவிடுவதாகத் திட்டம்.

முதல் நாள் போன் வரவில்லை. மாநாட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்தது; மூவரும் நெஞ்சோடு புத்தகம். கவிஞர் அதற்குக் கும்பிடு போட்டிருந்தார். விமர்சகர், ‘நெகிழ்ச்சியான தருணம்’ என்று எழுதியிருந்தார். மறுநாள் காலை அதே குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன. வாழ்க்கை வழக்கம்போல ஓடியது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம்.

“தப்பிச்சிட்டீங்கக்கா!” என்று மும்தாஜ் குதித்தாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அதிராம்பட்டினத்திலிருந்து அவள் கொண்டுவந்த பிரியாணியை ஒரு கைப்பிடி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அவள் போனபிறகுதான் மனசில் உறைத்தது. நான் ஏன் தப்பித்தேன்? மூன்று பேரில் ஒருவர்கூட அட்டையைத் திருப்பவில்லை. அதனால் தப்பித்தேன். உள்ளே போவது இருக்கட்டும், முதல் நாலு பக்கம்கூடப் புரட்டவில்லை. கதையை விடுங்கள், தங்கள் பெயர் அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மனுஷி ஏங்குவாளா? நான் ஏங்கினேன். மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதேன். வெளியே நின்றவர் டோனர் மைத்தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

அந்த ஒரு போன்

மாநாடு முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஜமாபந்தி நேரம். கடை நிறையக் கூட்டம். ஊமத்தநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி மனுவைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“பேராசிரியர் பேசுறேன்.”

“சொல்லுங்க சார்.”

“எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாங்க. என் அணிந்துரையைக் காட்டலாம்னு உங்க புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். திறந்தா, அந்தம்மா நிக்கிறாங்க!”

எழுந்து நின்றுவிட்டேன். தயார் செய்து வைத்திருந்த மூன்று பொய்யில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். மூன்று அணிந்துரை, மூன்று நாடா, மேடையில் மாறியது, எல்லாம். கோயில் நோட்டீஸை மட்டும் சொல்லவில்லை.

அவர் திட்டினார். நாற்பது வருஷம் வகுப்பறையில் திட்டிப் பழகிய குரல். இது நியாயமா, இது அறமா, தமிழுக்கு அடுக்குமா என்று நிறுத்தி நிதானமாகத் திட்டினார். நான் நின்றுகொண்டே கேட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளே ஒரு மூலையில், ஒருத்தர் திறந்துவிட்டார், ஒருத்தர் திறந்துவிட்டார் என்று மனசு கும்மாளம் போட்டது.

திடீரென்று குரலைத் தணித்தார்.

“அந்தம்மா எழுதினதப் படிச்சேன். பதினாலாவது அத்தியாயம் தொய்வுன்னு போட்டிருக்காங்க. எங்க தொய்வு, நான் பாத்துக்குறேன்னு பதினாலத் தேடினேன். பன்னண்டோட முடிஞ்சுபோச்சேம்மா!” அவர் குரலில் அப்படியொரு குதூகலத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. “சரி, இன்னும் எங்கெங்க மாட்டியிருக்காங்கன்னு பாக்கணும்ல? மொத்தத்தையும் படிச்சாத்தான தெரியும்? உக்காந்து படிச்சேன்.”

“மொத்தமுமா சார்?”

“மொத்தமும். ரெண்டு நாள் ஆச்சு.” குரலிலிருந்த குதூகலம் இறங்கியது. “அதுல வயலே இல்லையேம்மா.”

“இல்ல சார்.”

“நாத்து நடுற காட்சின்னு நான் எழுதியிருந்தேனே. ஏன் சொல்லல?”

“உங்ககிட்ட எப்படி சார்…”

போனில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார்.

“என் அணிந்துரை இப்ப கவிஞர் கையிலதான இருக்கு? அவரு ஏதும் போன் பண்ணாரா?”

“இல்ல சார்.”

“அப்ப என் பதினோரு பக்கத்தையும் ஒருத்தரும் படிக்கல.”

“நான் படிச்சேன் சார். நான்தான் டைப் அடிச்சேன்” என்றேன்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, வேறு குரலில், வகுப்பில் இல்லாத ஒரு குரலில் கேட்டார்.

“அது கெடக்கட்டும்மா. எனக்கு ஒண்ணு புரியல. கடைசியில அந்தக் கிடங்கு காலியாத்தானே கெடக்கு? ஒரு கொப்பரை இல்ல. அது அந்தப் பொண்ணுக்கும் தெரியும். பின்ன எதுக்கு மச்சினன்கிட்ட சாவியக் குடுக்க மாட்டேங்குது?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! பதிலைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது கேட்பதற்கு ஆள் வந்ததும் முதல் வார்த்தை கிடைக்கவில்லை.

“அது வந்து சார்… கிடங்கு காலிதான். ஆனா அந்த வீட்டுல அவ கையால பூட்டினது அது ஒண்ணுதான்…” என்று ஆரம்பித்தேன்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு கையில் போன், மறு கையில் கண்ணைத் துடைக்க முந்தானை. ஊமத்தநாட்டுக்காரர் பாதி அடித்த மனுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் பணிவையும் கண்ணீரையும் பார்த்து அவராக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

“யாரும்மா, தாசில்தாருங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“அதுக்கும் மேலங்க” என்றேன். “வாசகர்.”